50 பைசா செல்லும், கடைக்காரங்க கவனிங்க
செங்கோட்டை, புளியரை கடைக்கார அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். 50 பைசா செல்லாதுன்னு சில கடைகள்ல திருப்பிக் குடுக்காங்க, ஆரியங்காவு பக்கம் இருந்து சாமான் வாங்க வாரவங்க வருத்தப்பட்டுட்டு போறாங்க, மனசுக்கு கஷ்டமா இருக்கு. செல்லாம போனது 25 பைசாவும் அதுக்கு கீழ உள்ளதும்தான், 2010 டிசம்பர்லயே மத்திய அரசு அறிவிச்சு 2011 ஜூன் 30ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் பேங்க்ல மாத்திக் குடுத்தாங்க. 50 பைசாவ யாரும் நிப்பாட்டல, இன்னைக்கும் சட்டப்படி செல்லும். ஆனா ஒரு கணக்கு இருக்கு, 2011 நாணயச் சட்டப்படி 50 பைசாவா குடுத்தா 10 ரூபா வரைக்கும்தான் செல்லும், ஒரு ரூபாயும் அதுக்கு மேல உள்ள காசும்னா 1000 ரூபா வரைக்கும். அதனால ஒரு மூட்டை சில்லறைய கொண்டுவந்து கொட்டினா வேண்டாம்னு சொல்லலாம், ரெண்டு காச சொல்லக்கூடாது. 10 ரூபா காசும் அப்படித்தான், ரூபா குறி இருந்தாலும் இல்லாட்டாலும் எல்லா டிசைனும் செல்லும்னு ரிசர்வ் வங்கியே சொல்லியாச்சு. நம்ம ஊரு திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்தப்போ, சக்கரம்ங்கிற அந்தக் காலத்து காசுல 28 சேந்தா ஒரு திருவிதாங்கூர் ரூபான்னு கணக்கு பாத்து வியாபாரம் பண்ணின பெரியவங்க இருந்த தெரு இது. கல்லால நிக்கிற பசங்ககிட்டயும் இத சொல்லி வைங்க, வயசானவங்க 50 பைசா நீட்டினா முகம் சுளிக்காம வாங்கிப் போடுங்க.