ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: ஓவியர் யூசெஃப் சாப்ஸ்கி குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் ஓவியப் பாடவேளைகளில் போலந்து ஓவியர் யூசெஃப் சாப்ஸ்கியின் வாழ்க்கையைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதில் போரும் படுகொலையும் வருகின்றன. வீட்டில் கேள்வி கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

1896-இல் பிறந்த சாப்ஸ்கி கிராகோவில் ஓவியம் பயின்று, 1924-இல் நண்பர்களுடன் பாரிஸ் சென்றவர். 1939 செப்டம்பரில் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டபோது, படை அதிகாரியாக இருந்த அவர் சோவியத் படையிடம் சிறைப்பட்டார். ஸ்டாரோபெல்ஸ்க் முகாமில் இருந்த ஏறத்தாழ 4,000 பேரில் தம்மையும் சேர்த்து 79 பேரே தப்பியதாக அவர் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் 1940-இல் ஸ்டாலின் அரசின் உத்தரவுப்படி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிற முகாம்களையும் சிறைகளையும் சேர்த்தால் கொல்லப்பட்டவர்கள் சுமார் 22,000 பேர். மாஸ்கோ இதை ஒப்புக்கொண்டது 1990-இல்தான்.

பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்லும்படி நான் ஓவிய ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டது அடுத்து நடந்ததை. தப்பியவர்கள் பின்னர் அடைக்கப்பட்ட கிரியாசோவெட்ஸ் என்ற சோவியத் முகாமில், கடுங்குளிரில் வேலை செய்துவிட்டு வந்த கைதிகள், பழைய மடாலயத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அமர்ந்து ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள். ஒருவர் கட்டடக்கலை, ஒருவர் புத்தகங்களின் வரலாறு, இன்னொருவர் மலையேற்றம். சாப்ஸ்கி ஓவியத்தையும் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட்டின் நாவலையும் எடுத்துக்கொண்டார். பல பாகங்களாக நீளும் அந்த நாவலின் பிரதி அங்கே கிடையாது, எல்லாம் நினைவிலிருந்தே. பேசப் போவதை முன்னதாக முகாம் அதிகாரிகளிடம் காட்டி அனுமதி பெற வேண்டும். தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. அப்படியும் களைத்த உடம்போடு வந்து உட்கார்ந்து கேட்டார்களே! இதைவிட நல்ல வகுப்பறையை நான் அறிந்ததில்லை.

1941-இல் விடுதலையானதும், காணாமல்போன தோழர்களைத் தேடும் பொறுப்பை, சோவியத் மண்ணில் புதிதாகத் திரட்டப்பட்ட போலந்துப் படையின் தலைவர் ஜெனரல் ஆண்டர்ஸ் அவரிடம் கொடுத்தார். மாஸ்கோ வரை சென்று கேட்டும் உண்மையான பதில் கிடைக்கவில்லை. பிறகு அந்தப் படையோடு ஈரான், ஈராக், பாலஸ்தீனம், இத்தாலி. போருக்குப் பின் பாரிசுக்கு அருகே குடியேறினார். முன்பு வரைந்த ஓவியங்களில் பெரும்பகுதி போரில் அழிந்திருந்தது. மீண்டும் வரைந்தார்: ரயில் பயணிகள், கஃபே மேசைகள், தனியே அமர்ந்திருக்கும் மனிதர்கள். எழுத்தும் கோட்டோவியமும் கலந்த நாட்குறிப்பேடுகள் 200-க்கும் மேல் இருக்கின்றன. 1993-இல், 96 வயதில் காலமானார்.

ஓவியப் பாடவேளையைக் கணக்குக்குத் தரும்படி பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் தர இயலாது. பிள்ளைக்குக் கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதில் வரைவதற்கு மதிப்பெண் கிடையாது. நீங்கள் பார்க்க விரும்பினால் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் திறங்கள்.

படுகொலைக் காட்சிகளின் படங்கள் எதுவும் வகுப்பில் காட்டப்படமாட்டா. ஏதேனும் தயக்கம் இருந்தால் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ நேரில் வந்து பேசுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்