மைக் செட் பெட்டியும் உங்கள் வீட்டுப் பாக்கியும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்தே ஓட்டிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அதெல்லாம் வேண்டாம், டாக்டரிடம் போய்க் காட்டு. இங்கே சம்பா நடவு முடிந்துவிட்டது, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, குறை ஒன்றும் இல்லை. சின்னவளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகை அடித்ததும் நேரில் வருகிறேன்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று பரணைக் காலி செய்தோம். அப்பாவின் மைக் செட் கடை ரிக்கார்டுப் பெட்டிகள் கீழே வந்தன. கேசட் வந்த பிறகு மேலே ஏற்றியது. நல்லவேளை, படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கியிருந்தார், அதனால் பெரும்பாலும் வளையவில்லை. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய 78 தட்டுகள்தான் பாதி. தூக்கிப் பார்த்தால் அந்தக் கனம் அப்படியே இருக்கிறது. அரக்கில் செய்தது, கை தவறினால் ஓடு மாதிரி உடையும். நீ ஒருமுறை தெரியாமல் ஒன்றின் மேல் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த உறை மட்டும் காலியாக இன்னும் இருக்கிறது!

யாரோ சொல்லி, டவுனிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். வந்ததும் முதல் கேள்வி, "பீட்டில்ஸ் 78 ஏதாவது இருக்கா?" நான் சிரித்துவிட்டேன். ஆனால் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவின் 78 தட்டுகள் இருப்பது நிஜம்தான். வெளிநாடுகளில் 78 நின்றுபோன பிறகும், நம் நாட்டில் கரண்ட் இல்லாத ஊர்களில் சாவி கொடுக்கிற கிராமபோன்கள் இருந்ததால், கல்கத்தா டம்டம் ஆலையில் 1960களிலும் அதை அடித்துக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸ் பாட்டும் அப்படி இங்கே 78-இல் வந்தது. இன்றைக்கு அதற்கு வெளிநாட்டில் பெரிய விலையாம். மன்னார்குடிப் பக்கத்து மைக் செட்காரருக்கும் பீட்டில்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கீறலைவிட அவருக்குப் பிடிக்காதது, நடுவில் இருக்கிற லேபிளில் அப்பா பச்சை பெயின்ட்டில் கடைப் பெயரைச் சுருக்கி எழுதியிருந்தது. வேறு செட்காரர்களுக்கு இரவல் கொடுத்தால் மாறிப் போகாமல் இருக்கச் செய்த காரியம் அது. "லேபிள்ல கை வெச்சா மதிப்பு போச்சு சார்" என்றார். உறைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அவர் போன பிறகு அந்த உறைகளைத்தான் ராத்திரி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் வட்டமாக வெட்டிய பழுப்புக் காகித உறை. அதில் அப்பாவின் காப்பியிங் பென்சில் எழுத்து, எச்சில் தொட்டு எழுதியதால் ஊதாவாகப் படிந்திருக்கிறது. "பெண் அழைப்பு." "இது மார்கழிக்கு." "சாவு வீட்டுக்கு மட்டும்" என்பது டி.எம்.எஸ். பாடிய பட்டினத்தார் பாட்டு. நாகூர் ஹனிபா தட்டு ஒன்றில், "பள்ளிவாசல் தெரு, கட்சிக் கூட்டம் இரண்டுக்கும்." ஒரே பெட்டியில் சீர்காழி, ஹனிபா, ஆடி மாதத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, மாதா கோயில் பாட்டு எல்லாம் தோளோடு தோள் சேர்ந்து இருக்கின்றன. நம் ஊரில் எந்தத் தெருவில் என்ன நடந்தாலும் இந்தப் பெட்டிதான் போகும்.

பாசமலர் தோழிப் பாட்டின் உறையில், "இரண்டாவது சரணம் குதிக்கும், விரலால் தள்ளு" என்று இருக்கிறது. நாம் கூடப் பாடும்போது அந்த இடத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டுத்தானே பாடுவோம்? என் மகள் போனில் அதே பாட்டைப் போட்டாள். ஈஸ்வரி குரல் சுத்தமாக, ஒரு கரகரப்பில்லாமல் வந்தது. குதிக்க வேண்டிய இடத்தில் குதிக்காமல் நேராகப் போய்விட்டது. எனக்கு என்னவோ யாரோ புதிதாக ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்ட மாதிரி இருந்தது. "அப்பா, முழுப் பாட்டே இதுதான்" என்கிறாள். இருக்கட்டும், நம் ஊர்க் கல்யாணங்கள் அந்த வரி இல்லாமல்தான் நடந்தன.

ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்காது. ஊருக்கெல்லாம் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட மனுஷன், வீட்டில் பாட்டே வைக்க மாட்டார். காது ஓயட்டும் என்பார். அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு தட்டு, டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம். அதன் உறையில் ஒன்றும் எழுதவில்லை, லேபிளிலும் பெயின்ட் இல்லை. யாருக்கும் இரவல் கொடுத்ததுமில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சிப் போனால் கொஞ்சம் கூட. மணிக்கணக்கில் தோடி வாசித்தவரை அதற்குள் அடக்கியிருக்கிறார்கள். அப்பா திண்ணையில் கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும் எழுந்து ஊசியை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வைப்பார். அம்மா உள்ளேயிருந்து, "சோறு ஆறுது" என்பாள். அவளுடைய அந்தக் குரலும் சேர்ந்துதான் எனக்கு அந்தத் தோடி.

வந்தவர் அந்தத் தட்டுக்குத்தான் நல்ல விலை சொன்னார். கொடுக்கவில்லை. மற்றவற்றையும் கொடுக்கவில்லை. மகன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்கிறான். ஏற்றட்டும், உறைகளையும் படம் எடுத்து வை என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய பிளேயர் சுற்றுகிறது, ஆனால் ஊசி மழுங்கிவிட்டது. நீ ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் விசாரித்துப் பார். பிறகு வந்த எல்.பி. தட்டுக்கான ஊசி 78-க்கு ஆகாது, பள்ளம் அகலமானது, அதற்குத் தடித்த ஊசியாகக் கேள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் அழைப்புக்கு அப்பாவின் தட்டைத்தான் போட வேண்டும் என்று சின்னவளே சொல்லிவிட்டாள். குதித்தால் குதிக்கட்டுமாம்.

கடைசியாக உங்கள் வீட்டுச் சமாச்சாரம். ஒரு உறையின் பின்பக்கம்: "வாத்தியார் வீட்டுப் பெரிய பெண் கல்யாணம், 1973 ஆவணி. பாக்கி 20. கேட்க வேண்டாம்." உன் அப்பா எனக்குப் பத்தாவது வரை கணக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு பைசா வாங்காதது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. "கேட்க வேண்டாம்" என்ற இந்த இரண்டு சொல்லில் எழுதிவைத்திருக்கிறார்.

அவர் சொன்னபடி நான் கேட்கவில்லை மாப்ளே, தகவலுக்குச் சொல்கிறேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடு. அந்த இருபதை மொய்யோடு சேர்க்காதே, தனியாகக் கொடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்