சீசன் வேலைக்கு ஆள் எடுக்கும் முன் கூலியைப் பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் சாரல் விழுந்தால் எங்கள் குற்றாலம் பக்கம் இரண்டு வேலை ஒன்றாக வந்து நிற்கும். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தண்ணீர் விழுந்ததும் லாட்ஜுகளில் அறை கூட்டவும், சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரம் கழுவவும் ஆள் தேடுவார்கள். அதே சிற்றாற்றுத் தண்ணீர் வயலுக்கு வந்ததும் கார் பருவ நெல் நடவுக்கும் ஆள் கேட்பார்கள். ஆகஸ்ட் கழிந்தால் குற்றாலத்தில் கூட்டம் குறைந்துவிடும். அப்புறம் அடுத்த நெல் பருவமான பிசான நடவு. கார்த்திகையில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் குளிக்க வரும்போது மறுபடி கொஞ்ச நாள் கடை வேலை. பிசான அறுப்பு முடிந்துவிட்டால் கோடை முழுக்கக் கை சும்மாதான் இருக்கும். பல வருஷமாக நான் இப்படித்தான் பிழைக்கிறேன். இலஞ்சி, மேலகரம், வல்லம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேருக்கும் இதுதான் பிழைப்பு.

இந்த வேலைகள் எல்லாமே வாய்வார்த்தையில்தான் கிடைக்கின்றன. ஏற்கெனவே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சொல்லி விடுவார், நாங்கள் போய் நிற்போம். கூலி எவ்வளவு, எத்தனை மணிக்கு விடுவார்கள், சாப்பாடு உண்டா என்று முதல் நாள் கேட்டால் "வேலையைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார்கள். நான் வேலை பார்த்த ஒரு லாட்ஜில் வாரக் கடைசியில் பணம் வாங்கியபோதுதான் சாப்பாட்டுக்குப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டு போயிருப்பேன்.

அருவியில் குளிக்கத் தடை போடும் நாள் இன்னும் மோசம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் உயிரிழந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தண்ணீர் அதிகமானால் தடை போடத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பஸ் ஏறி வந்த பிறகு "இன்னைக்குக் கூட்டம் இல்லை, போயிட்டு வாங்க" என்றால் வந்த செலவும் போய், அன்றைய நடவுக் கூலியும் போய்விடுகிறது. காலையில் வயலை விட்டுத்தானே இங்கே வந்திருப்போம்? அப்படிப்பட்ட நாளில் அரைக் கூலியாவது தர வேண்டும் என்று கேட்பது தப்பாகத் தெரியவில்லை. நடவு மெஷினும் வெளிமாநில ஆட்களும் வந்த பிறகு, ஒரு நாள் விட்ட வயல் வேலை மறுநாள் நமக்காகக் காத்திருப்பதில்லை.

கடை வேலைக்குப் போகும் பெண்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் கடைகளுக்கான சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆனால் சிப்ஸ் கடையிலும் பழக்கடையிலும் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டேதான் வியாபாரம் பார்க்கிறார்கள்.

தொழிலாளர் நலத் திட்டங்களில் பதிந்து வாங்கும் அட்டை விஷயத்திலும் குழப்பம் இருக்கிறது. விவசாயக் கூலிகளுக்கு 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அது வருவாய்த் துறையில், தாலுகா ஆபீசில். கடை, ஓட்டல் போன்ற வேலைக்கான நல வாரியப் பதிவு தொழிலாளர் துறையில். வருஷத்தில் பாதி வயலிலும் பாதி லாட்ஜிலும் இருக்கிறவள் எந்த ஆபீசுக்குப் போவாள்? ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு என்பதால் பலர் எதிலுமே பதியாமல் இருக்கிறார்கள்.

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. சீசனுக்கு முன்பு, மே மாதத்தில், குற்றாலத்திலேயே ஒரு முகாம் நடத்தலாம். இரண்டு துறை அலுவலர்களும் ஒரே இடத்தில் உட்காரட்டும். லாட்ஜ்காரர்களும் கடைக்காரர்களும் எத்தனை ஆள் வேண்டும், என்ன கூலி, எத்தனை மணி நேரம், தடை நாளில் என்ன தருவார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும். அதைப் பேருந்து நிலையத்தில் ஒட்டினால், வேலை தேடுகிறவர்கள் பார்த்துவிட்டு எங்கே போவது என்று முடிவு செய்வார்கள். நடவுக்கு ஆள் தேடும் விவசாயிகளும் அதே பலகையில் எழுதட்டும். சீசன் கடைகளை ஏலம் விடும்போதே இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிட்டால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. அடுத்த ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்று தென்காசி மாவட்ட ஆட்சியரைத் தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இலஞ்சி, தென்காசி மாவட்டம்.