மின்பெட்டி ஓவியம்: பெயின்ட் வாங்கும் முன் பேசி முடிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருமுனை மின்பெட்டிகளில் ஓவியம் தீட்டினால் தெருவும் பளிச்சென்று இருக்கும், சுவரொட்டித் தொல்லையும் குறையும் என்ற பேச்சு சென்னைக் குடியிருப்போர் சங்கங்களில் அடிக்கடி எழுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் இந்த வேலை பெரும்பாலும் ஓவியரைத் தேடுவதில் தொடங்கி, திறப்பு நாளன்று போட்டோ எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. அடுத்த ஐப்பசி மழைக்குள் பெயின்ட் செதில் செதிலாக உரியும். வரைந்த மயிலின் கழுத்தில் 'மூலம், பௌத்திரம்' நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ஓவியப் பணி செய்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: இது முதலில் பராமரிப்பு வேலை, அதன் பிறகுதான் கலை.

வெளிநாட்டு முன்மாதிரிகளை அப்படியே எடுத்துக்கொள்வது முதல் பிழை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1999 முதல் போக்குவரத்து சிக்னல் பெட்டிகளில் ஓவியம் வரைகிறார்கள். அங்கே பயம் ஸ்பிரே பெயின்ட் கிறுக்கலைப் பற்றியது. நம் ஊரில் மைதாப் பசை வாளிதான் பிரச்சினை. உள்ளூர் உதாரணமாகச் சொல்லப்படும் கண்ணகி நகர் ஓவியங்களும் (2020-ல் வரையப்பட்டவை) இதற்குப் பொருந்தாது. அவை பல மாடிக் குடியிருப்புச் சுவர்களில் இருக்கின்றன. அவற்றின் பெரும்பகுதி பசைக்காரர் கைக்கு எட்டாத உயரம். மின்பெட்டியோ சரியாக மார்பு உயரத்தில், பசை தடவுவதற்கென்றே வைத்ததுபோல நிற்கிறது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் பெட்டிகளின் நிலை என்ன என்பதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். பெட்டி யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. ஒரே நடைபாதையில் நிற்கும் மூன்று பெட்டிகளுக்கு மூன்று உரிமையாளர்கள் இருக்கலாம்: வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பாக்ஸ் மின்வாரியத்துடையது, இணையக் கேபிள் பெட்டி தனியார் நிறுவனத்துடையது, சிக்னல் பெட்டி போக்குவரத்துக் காவல் துறையைச் சேர்ந்தது. நடைபாதை மாநகராட்சிக்குச் சொந்தம். கவுன்சிலர் வாய்மொழியாகச் சரி என்றது அனுமதி ஆகாது. அந்தப் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடம் பெட்டி எண்களைப் பட்டியலிட்டு எழுத்தில் வாங்க வேண்டும். அடுத்த ஆண்டு மாற்றப்போகும் துருப்பிடித்த பெட்டிகள் எவை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அவற்றில் ஓவியம் வரைவது வீண் செலவு. மேடைமேல் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகவே வேண்டாம்.

2017 நவம்பரில் கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் தாக்கி இரண்டு சிறுமிகள் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெட்டியைத் தொடும் முன், அதன் உடலில் மின்கசிவு இல்லை என்று வாரிய ஊழியர் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் பையில் இருக்கும் நியான் டெஸ்டரை நம்பி இறங்கக் கூடாது. ஓவியர் எந்த நிலையிலும் கதவைத் திறக்கக் கூடாது. கதவு விளிம்பில் பெயின்ட் அடிக்க வேண்டுமானால் பராமரிப்பு மின்தடை அறிவிக்கும் நாளில், லைன்மேன் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். தெருவில் கரன்ட் இல்லை என்பதால் பெட்டிக்குள்ளும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வேறு ஃபீடரிலிருந்து (மின்சாரம் கொண்டுவரும் வழித்தடம்) ஊட்டம் வந்துகொண்டிருக்கலாம். ஏணி மரத்தாலோ ஃபைபராலோ இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். ஹோஸ் பைப் வைத்துக் கழுவுவது அறவே கூடாது.

பெயின்ட் படக் கூடாத இடங்களை மாஸ்கிங் டேப் ஒட்டி முதலிலேயே மூடிவிடுங்கள்: காற்றுத் துளைகள், பூட்டு, கீல், கதவின் ரப்பர் விளிம்பு, எர்த் கம்பி இணையும் போல்ட். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். எர்த் இணைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் பெயின்ட் அடித்து மறுபடி மாட்டினால் பெயின்ட் படலம் நடுவில் நின்று இணைப்பைக் கெடுக்கும். அபாயப் பலகை, மண்டையோட்டுக் குறி, பெட்டி எண், ஃபீடர் பெயர் ஆகியவை ஓவியத்தின் பகுதியாகிவிடக் கூடாது. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட அமைப்புகளில் அபாய அறிவிப்பு கண்ணில் படும்படி நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். நள்ளிரவில் ஃபியூஸ் ஆஃப் கால் (மின்தடைப் புகார்) வந்து டார்ச்சோடு வருபவர் எண்ணைத் தேடி ஓவியத்தைத் தடவிக்கொண்டு நிற்கக் கூடாது. எண்ணைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ விட்டு, கறுப்பில் ஸ்டென்சில் போடச் சொல்கிறோம். ஓவியருக்கு இது பிடிக்காது. முதல் வரைபடத்திலேயே அந்தக் கட்டத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டால் தகராறு வராது.

அடுத்தது சுத்தம் செய்வது. உழைப்பில் பாதி இங்கேதான் போகும். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது வழக்கம். பெயின்ட் கீறிய இடத்தில் இந்தத் துத்தம் இரும்பில் பட்டால் செம்பு படிந்து துரு வேகமாகப் பிடிக்கும். பத்து அடுக்குச் சுவரொட்டியை உரித்தால் அடியில் தகடு பொரிந்திருப்பது இதனாலும், காகிதம் ஈரத்தைப் பிடித்து வைப்பதனாலும்தான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்கைக் கால் மணி நேரம் ஒட்டவைத்து, பிளாஸ்டிக் பட்டிக் கத்தியால் சுரண்ட வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அதன்பின் வெறும் தண்ணீர்த் துணி, காய்ந்ததும் தின்னர் தொட்ட துணி. பசையின் வழவழப்பு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பிரைமர் அங்கே பிடிக்காது.

பெட்டி எதனால் ஆனது என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் ரெட் ஆக்சைடு என்ற செந்நிற பிரைமரை அடிப்பது நம் பெயின்டர்களின் பழக்கம். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் ஃபைபர் பெட்டி: 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெயிலில் வெளுத்த மாவுப் படலத்தைத் துடைத்துவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் போட வேண்டும். ஒட்டினால் இரும்பு, பூ விழுந்ததுபோல் சாம்பல் மினுமினுப்புத் தெரிந்தால் அது துத்தநாகம் பூசிய தகடு. அதன்மேல் ரெட் ஆக்சைடோ எண்ணெய் எனாமலோ நேரடியாக அடித்தால், எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்புப் போன்ற படலமாகும். சில மாதங்களில் தோல் உரிவதுபோல் மொத்தமாக வரும். தகட்டை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர்தான் அதற்குச் சரி. வெறும் இரும்பில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, குழிகளில் துரு மாற்றி (மிச்சத் துருவைக் கெட்டிப் படலமாக்கும் திரவம்) தடவி, ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட் அடிக்கலாம்.

அளவு பெரிதல்ல. 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம், 45 செ.மீ. ஆழம் உள்ள பெட்டிக்கு நான்கு பக்கமும் தலையும் சேர்த்து சுமார் 4 சதுர மீட்டர், அதாவது 42 சதுர அடி வரும். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு கோட்டுக்கு 400 மில்லி போதும். பிரைமர் ஒரு லிட்டர், வெள்ளை அடித்தளம் ஒரு லிட்டர், வெளிப்புற அக்ரிலிக் வண்ணங்கள் கால் லிட்டர் டப்பாக்களாக ஆறேழு, மேல் வார்னிஷ் ஒரு லிட்டர். மதிப்பீட்டில் பெயின்ட் செலவைப் பெரிதாகக் காட்டி உழைப்பைச் சுருக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

பருவம் தை முதல் பங்குனிக்குள். வடகிழக்குப் பருவமழையில் வேண்டவே வேண்டாம். கத்திரி வெயிலில் தகடு கொதிக்கும். பெயின்ட் பரவும் முன்பே காய்ந்து பிரஷ் கோடு விழும். மற்ற நாள்களிலும் காலை வெயில் படும் பக்கத்தை மாலையிலும், மாலை வெயில் படும் பக்கத்தைக் காலையிலும் செய்வது நல்லது. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட வேண்டும். கடற்கரையோரத் தெருக்களில் விடியற்காலையில் தகட்டில் பனி வியர்த்திருக்கும், கைவைத்துப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

மேற்பூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். கிறுக்கல் தடுப்புப் பூச்சு இரண்டு வகை. ஒன்று மெழுகு வகை: அழுக்கோடு தானும் கரைந்து போகும், ஒவ்வொரு முறையும் மறுபடி பூச வேண்டும். அதை நீக்க அழுத்தத்தோடு வெந்நீர் பீய்ச்ச வேண்டும் என்பதால் மின்பெட்டிக்கு ஆகாது. மற்றது இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் வார்னிஷ். காய்ந்தபின் கெட்டியாக நிற்கும். மேலே ஒட்டியதைக் கரைப்பான் தொட்ட துணியால் துடைத்தால் போதும். மின்பெட்டிக்கு இதுவே சரி. வெயிலில் மஞ்சளிக்காத அலிஃபாட்டிக் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். ஓவியம் முடிந்த மறுநாளே இதை அடித்தால் அதிலுள்ள தின்னர் அக்ரிலிக்கைச் சுருக்கிவிடும். ஒரு வாரம் காயவிட்டு, நடுவில் தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷ் ஒரு கோட் கொடுத்து, அதுவும் காய்ந்தபின் பூச வேண்டும். ஈரக் காற்றில் அடித்தால் படலத்தில் குமிழி வரும். கலவையை அரை லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள், நம் வெயிலில் டப்பாவிலேயே கெட்டிப்படும். இதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் மூச்சுக்குக் கெடுதல். வேதி ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகமூடி போட்டு ரோலரால் அடியுங்கள். தெருவில் ஸ்பிரே வேண்டாம். துணி முகமூடி இதற்குப் பிரயோசனமில்லை.

செலவைக் குறைக்க ஃப்ளெக்ஸ் கடையில் வினைல் ஸ்டிக்கர் அச்சிட்டு ஒட்டலாம் என்பார்கள். மலிவு வினைல் நம் வெயிலில் சுருங்கும், ஓரம் தூக்கும், அடியில் தண்ணீர் நிற்கும். தூக்கிய ஓரத்தைப் பார்த்தவுடன் கை தானாக இழுக்கும்.

படத்தில் என்ன இருக்கலாம்? வெறுமையான பெரிய வண்ணப் பரப்பு பசைக்காரருக்கு அழைப்பு. இலை, கோலம், மீன்கூட்டம் என்று நெருக்கமாக, எல்லாப் பக்கமும், பின்புறமும் சேர்த்து நிரப்ப வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை சேறு தெறிக்கும், நாய் வரும். அங்கே அடர் நிறம். தலைப்பகுதியும் மேற்கு முகமும் வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் வெயிலை உறிஞ்சி உள்ளிருக்கும் இணைப்புகளைச் சூடாக்கும். பெட்டிகள் சாம்பல் நிறத்தில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சாமி படம் கூடாது. சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சுவரில் சாமி டைல்ஸ் பதிப்பவர்கள் இங்கேயும் அதையே கேட்பார்கள். ஆனால் மின்பெட்டி முன் ஒருவர் கற்பூரம் ஏற்றத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்? லைன்மேன் அதில் கால் ஊன்றவும் தயங்குவார். தலைவர் படமும் கட்சி நிறமும் தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்ததும் வெள்ளையடிக்கப்படும்.

ஒப்பந்தத்தில் ஓவியரின் உரிமை பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்பை விற்ற பிறகும் படைப்பாளிக்குச் சில உரிமைகளைத் தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. 2005-ல் தில்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடம் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. மின்பெட்டி எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படும் பொருள். அவசரத்துக்கு முன்னறிவிப்பின்றி அகற்றலாம், மற்ற நேரத்தில் 30 நாள் அவகாசம் கொடுத்துப் படமெடுக்க அனுமதிப்போம் என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

ஓவியம் இருந்தால் யாரும் ஒட்ட மாட்டார்கள் என்று நாங்கள் உறுதி சொல்ல மாட்டோம். ஒட்டுவது குறையும், அதுவும் முதல் நோட்டீஸை இரண்டு நாளுக்குள் எடுத்தால்தான். ஒரு நோட்டீஸ் ஒரு வாரம் நின்றுவிட்டால் அதன் பக்கத்தில் இன்னொன்று வரும். ஆகவே மாநகராட்சியும் சங்கங்களும் டெண்டரில் மூன்று ஆண்டுப் பராமரிப்பைச் சேர்க்க வேண்டும். மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஆண்டுக்கு இரு முறை, மழைக்கு முன்னும் பின்னும் பார்வையிட்டுத் தவணையாகக் கொடுக்கலாம். மிச்சமான பெயின்ட்டை மூடி இறுக்கி, கடை, நிறக் குறியீட்டு எண், பெட்டி எண் எழுதிய சீட்டோடு வார்டு அலுவலகத்தில் வைக்க வேண்டும். சுரண்டிய இடத்தைத் தொட்டு அடிக்க அதே நிறம் கிடைக்காமல், கிடைத்த பச்சையை அப்பிவைத்த பெட்டிகளே அதிகம்.

இப்படிக்கு,
சுவரோவியப் பணியாளர்கள் சிலர்,
சென்னை