சித்த சுவாதீனம் இல்லாமையும் மனநோயும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொலை வழக்கு ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில் ‘மனநோயாளி’, ‘சித்த சுவாதீனம் இல்லாதவர்’ என்ற சொற்கள் ஒரே பொருளில் மாறி மாறி ஆளப்பட்டிருந்தன. மனநோய் என்பது மருத்துவர் பரிசோதித்துச் சொல்வது. சித்த சுவாதீனம் இல்லை என்பதோ நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவுதான் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆவது பிரிவாக உள்ளது. செயலைச் செய்த அந்த நேரத்தில், சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறானது அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்றோ அறிய இயலாத நிலையில் ஒருவர் இருந்தாரா என்பதையே அது கேட்கிறது; இருந்தார் என்றால் அச்செயல் குற்றமாகாது. பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டதற்கான சீட்டு மட்டும் அதற்கு விடையாகிவிடாது. மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராகக் கருதக் கூடாது, தகுந்த நீதிமன்றம் அவ்வாறு அறிவித்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவும் வெளிப்படையாகச் சொல்கிறது.

இந்தக் குழப்பத்தின் விலையை எங்கள் குடும்பம் கொடுத்திருக்கிறது. என் தம்பி இருமுனைக் கோளாறு என்ற மனநோய்க்காக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கும் எழுதுகிறான். அப்பாவின் தண்டையார்பேட்டை வீட்டுக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப் போனபோது, அவனுடைய மஞ்சள் பையில் இருந்த மருத்துவமனை நோட்டைப் பார்த்துவிட்டு, “இவர் கையெழுத்து செல்லாது, கார்டியன் வேண்டும்” என்றார் பத்திரம் எழுதுபவர். அதற்குச் சற்று முன்புதான், செக்குபந்தியில், அதாவது வீட்டின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்ததை விரல் வைத்துக் காட்டியவன் தம்பி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, மனநோய் விடுதியில் இருப்பவர்கூடத் தெளிவாக இருக்கும் இடைவேளைகளில் ஒப்பந்தம் செய்யலாம் என்று உதாரணமே தருகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவர்களுக்கு இருந்த தெளிவு இன்று நமக்கு ஏன் இல்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நீதிமன்றச் செய்திகளில், நீதிமன்றம் கூறாத இடத்தில் ‘சித்த சுவாதீனம் இல்லாதவர்’ என்று எழுத வேண்டாம் எனத் தங்கள் நிருபர்களுக்கு அறிவுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை