பட்டதாரிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சங்க விதிகளின்படி 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அவற்றில் இரண்டு கூட்டங்கள் போதிய எண்ணிக்கை சேராமல் அரை மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டு நடந்தன. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றினோம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கினோம். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

செப்டம்பர் 5 அன்று பல்கலைக்கழக நாளைக் கொண்டாடினோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டதும் அதே தேதி, டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்ததும் அதே தேதி. அவர் நம் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்து, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்று தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். நம் ஊரில் நடக்கிற இந்த விழாவுக்கு அந்த ஒரு காரணமே போதும். வந்தவர்கள் 23 பேர்.

இனி, இந்த ஆண்டு சங்கத்தின் பெரும்பகுதி உழைப்பு சென்ற, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் பதிவேடு பற்றி. “இதற்கு ஏன் இவ்வளவு நாள்? இணையத்தில் பெயர்ப் பட்டியல் கிடைக்கிறதே, அப்படியே எடுத்து அச்சடித்தால் என்ன?” என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. அதற்குப் பதில் சொல்வது என் கடமை.

அப்படி எடுத்த முதல் பட்டியலில் முதல் பெயராக இருந்தவர் கணிதமேதை ராமானுஜன். அவர் நம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவரல்லர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1913இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையுடன் நம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவரானார். பட்டம் கேம்பிரிட்ஜில் 1916இல் கிடைத்தது. உ.வே. சாமிநாதையர் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1932இல் பல்கலைக்கழகம் அவருக்கு அளித்தது கௌரவ டாக்டர் பட்டம். தேர்வெழுதிப் பெற்ற பட்டத்தையும் கௌரவப் பட்டத்தையும் ஒரே வரிசையில் எழுதினால் இரண்டுக்குமே மரியாதை இல்லை. ஆகவே பதிவேட்டை மூன்றாகப் பிரித்தோம்: தேர்வெழுதிப் பட்டம் பெற்றவர்கள், கௌரவப் பட்டம் பெற்றவர்கள், பட்டமில்லாமல் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். ராமானுஜன் மூன்றாம் பகுதியில் முதல் அட்டை.

ஓர் அட்டை தயாராகும் முறை இது. ஏ5 அளவு, 250 ஜிஎஸ்எம் வெள்ளை அட்டை. முதல் வரியில் பெயர், சான்றிதழில் உள்ளபடி; அதன் கீழே பின்னாளில் வழங்கிய பெயர். பிறகு பட்டம், பாடம், கல்லூரி, தேர்வெழுதிய ஆண்டு, பட்டம் வழங்கப்பட்ட ஆண்டு. அடுத்து, அந்த ஆண்டில் அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது என்ற வரி. அதன் பிறகுதான் அவர் செய்த வேலைகள். பின்பக்கத்தில் ஆதாரம். குறைந்தது இரண்டு வேண்டும், அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டதாக இருக்கக் கூடாது. இரண்டு ஆதாரம் கிடைக்காத அட்டை பென்சிலில் எழுதப்பட்டு மஞ்சள் உறையில் இருக்கும். கிடைத்ததும் மையால் எழுதி வெள்ளை உறைக்கு மாற்றுவோம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்ற அந்த வரியில்தான் தவறுகள் அதிகம். ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதற்கும் நம் பல்கலைக்கழகமே தேர்வு நடத்தியது. 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரம், 1929இல் அண்ணாமலை, 1966இல் மதுரை, 1978இல் அண்ணா, 1982இல் பாரதியார், பாரதிதாசன், 2002இல் நம் வேலூரின் திருவள்ளுவர் என்று ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஆகவே கல்லூரி இன்று இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. விசுவேசுவரய்யா பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் 1881இல் பெற்ற பி.ஏ. பட்டம் நம்முடையது. அவர் பொறியியல் படித்தது புனேயில், அது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அப்துல் கலாம் 1954இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் முடித்த இயற்பியல் பட்டம் நம்முடையது. அதன் பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அவர் படித்த விமானப் பொறியியல் நம் பட்டியலில் வராது. அது அந்நாளில் அந்த நிறுவனமே வழங்கிய டிப்ளமா. இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி அட்டைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். இனி யார் அட்டை எழுதினாலும் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் ஆண்டு. தேர்வெழுதுவது ஓர் ஆண்டு, பட்டமளிப்பு விழா இன்னோர் ஆண்டு. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான ஏ. லலிதாவுக்குச் சில இடங்களில் 1943 என்றும் சில இடங்களில் 1944 என்றும் இருப்பது இதனால்தான். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்தவர் அவர். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையான பிறகு கல்லூரியில் சேர்ந்தவர். அவருடைய பட்டச் சான்றிதழில் ஆண்பாலாக அச்சாகியிருந்த சொல்லை அடித்துப் பெண்பாலாக்கிக் கொடுத்தார்கள். ஏனென்றால் அதுவரை அச்சுப் படிவத்தில் பெண்ணுக்கு இடமே இல்லை. ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, பிறகு சிம்லாவில் அரசுப் பணி, 1948 முதல் கல்கத்தாவில் தனியார் மின்நிறுவனம், பக்ரா நங்கல் அணைக்கான மின்பணி, 1964இல் நியூயார்க்கில் முதல் உலகப் பெண் பொறியாளர் மாநாடு என்று போகிறது அவருடைய அட்டை. கூடவே சிவில் படித்த பி.கே. த்ரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். லலிதா பெயரை மட்டும் எழுதி த்ரேசியாவையும் அவர்களோடு படித்த லீலம்மா ஜார்ஜையும் விட்டுவிடுவது பல பட்டியல்களில் நடக்கிறது. நம் பதிவேட்டில் மூவருக்கும் அட்டை உண்டு.

பட்டம் பெற்ற பாடமும் செய்த வேலையும் ஒத்துப்போக வேண்டியதில்லை என்பதற்குப் பெட்டியில் வேண்டிய அளவு சான்று இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் 1907இல் முதுகலை முடித்த சி.வி. ராமன் பத்து ஆண்டுகள் நிதித்துறை அதிகாரி. அலுவலக நேரம் போகக் கல்கத்தா பௌபஜார் ஆய்வகத்தில் வேலை செய்து, 1917இல்தான் பேராசிரியரானார். 1930இல் அவர் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில் அதே மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து வெளியேறினார் வானியற்பியலாளர் சந்திரசேகர். அவருக்கான நோபலுக்கு 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1959இல் அங்கே புள்ளியியல் ஆனர்ஸ் முடித்த வரதன் 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்றார். கிண்டியில் பொறியியல் படித்த வெங்கட்ராகவன் 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய கிரிக்கெட் அணித்தலைவர். ஓய்வுக்குப் பிறகு 73 டெஸ்ட் போட்டிகளுக்கு நடுவர். இத்தகைய அட்டைகளில் “வேலை” என்ற கட்டம் போதாமல் பின்பக்கம் வரை எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த அச்சில் அந்தக் கட்டத்தை இரண்டு மடங்காக்க வேண்டும்.

ஜானகி அம்மாள் அட்டைக்கு நான் அதிக நாள் செலவிட்டேன் என்று சொன்னார்கள். உண்மைதான். தலைச்சேரியிலிருந்து வந்து, ராணி மேரி கல்லூரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஆனர்ஸ் பெற்றவர். மிச்சிகனில் 1931இல் டாக்டர் பட்டம், கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கலப்பினக் கரும்பு ஆய்வு, 1945இல் ஆங்கில மரபியலர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு, 1977இல் பத்மஸ்ரீ. ஜானகி, ஜானகியம்மாள், இ.கே. ஜானகி என ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துமுறைகள் இருப்பதால் மூன்று பேர் என்று எண்ணி மூன்று அட்டை எழுதியிருந்தோம். முன்னெழுத்தையும் ஊரையும் பட்டம் பெற்ற ஆண்டையும் மூன்றையும் ஒப்பிட்ட பிறகே ஒன்றாக்கினோம். இந்த மூன்று ஒப்பீடு இனி எல்லா அட்டைக்கும் கட்டாயம்.

முதல் அட்டை யாருக்கு என்பதில் விவாதமே வரவில்லை. முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளையும் அவருடைய ஆசிரியர் கறோல் விசுவநாதபிள்ளையும். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தேர்வெழுதியிருக்கிறார்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் சட்டமும் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியானார். கலித்தொகையை 1887இல் முதன்முதலாக அச்சேற்றியதும் அவர்தான்.

நம் ஊர் அட்டைகளில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது டாக்டர் மேரி வர்கீஸ் அட்டை. அவர் படித்த சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, நம் ஊரில் அந்தத் துறையை நிறுவினார். பாகாயம் மறுவாழ்வு மையத்துக்கு முன்னால் பஸ்ஸில் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. இந்த அட்டையைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை.

மாட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் ஃப்ளெக்ஸில் அடித்து மேற்குச் சுவரில் மாட்டியதில், மாலை வெயில் பட்டு ஆறே மாதத்தில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துவிட்டன. இனி ஃபோம் போர்டு, வடக்குச் சுவர். எழுத்துச் சிக்கலும் இருந்தது. யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது “ஸ்ரீ”, “ஔ”, “க்ஷ” உடைந்தன. மெய்ப்பு பார்க்காமல் அடித்ததால் 14 அட்டைகள் வீணாயின. இனிக் கோப்பைப் பிடிஎஃப் ஆகவே கொடுக்க வேண்டும். அட்டைகளைக் குண்டூசியால் குத்தக் கூடாது. மழைக்காலத்தில் துருவேறிக் காகிதத்தைத் தின்றுவிடும். புகைப்படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதக் கூடாது, அழுத்தம் முன்பக்கம் தெரியும். வெளியான நாளிலிருந்து 60 ஆண்டு ஆகாத படங்களை அனுமதியில்லாமல் அச்சிடக் கூடாது.

இதுவரை 42 அட்டைகள் வெள்ளை உறையில், 17 மஞ்சள் உறையில். பல்கலைக்கழகத்தின் பழைய காலண்டர்களில் ஆண்டுவாரியாகப் பட்டதாரிகளின் பெயர் இருக்கிறது. மஞ்சள் உறையில் உள்ளவற்றைக் கன்னிமாரா நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். ஒருவர் மட்டும் போனால் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் ஆள் போதாது, இருவர் வேண்டும்.

பதிவேட்டில் புகழ்பெற்றவர்கள் மட்டும் இருக்கக் கூடாது என்பது முதல் கூட்டத்திலேயே எடுத்த தீர்மானம். 2002க்கு முன் இந்த ஊரில் பட்டம் பெற்ற தலைமையாசிரியர், அஞ்சல் அலுவலர், மருந்தாளுநர், கூட்டுறவுத் தணிக்கையாளர், தோல் பதனிடும் ஆலையின் வேதியியலர் எல்லோருக்கும் அட்டை உண்டு. இதற்காக 118 உறுப்பினர்களுக்கும் வெற்று அட்டையும் தபால்தலை ஒட்டிய பதில் உறையும் அனுப்பினோம். பட்டச் சான்றிதழின் ஒரு நகல், ஒரு புகைப்படம், பணி விவரம் பத்து வரி, இவ்வளவுதான் கேட்டோம். திரும்பி வந்தவை 9. வாட்ஸ்அப் குழுவில் நான்கு முறை நினைவூட்டினேன்; பார்த்ததற்கான நீலக் குறி எல்லாவற்றிலும் இருந்தது. ராமன் எந்த ஆண்டு எங்கே வேலை செய்தார் என்பதை நூறு புத்தகங்கள் சொல்லும். நம் ஊரில் முப்பத்தைந்து ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் எந்த ஆண்டு பட்டம் பெற்றார் என்பதை அவர் எழுதித் தராவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை. இந்த ஆண்டு மறைந்த மூன்று உறுப்பினர்களில் ஒருவருடைய அட்டைகூட நம்மிடம் இல்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு சென்ற ஆண்டை ஒட்டியே இருந்தது, செலவு சற்றுக் கூடியது, வைப்புத் தொகையில் கை வைக்கவில்லை. பதிவேட்டுச் செலவு காகிதம், அச்சு, தபால் ஆகியவற்றோடு நின்றது. பயணச் செலவுக்குச் சங்கப் பணம் எடுக்கப்படவில்லை. சந்தா ஆண்டுக்கு 300 ரூபாய். பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆண்டுக்குக் கட்டவில்லை, சிலர் மூன்று ஆண்டுகளாகக் கட்டவில்லை. விதிப்படி அவர்களுடைய பெயரை நீக்கலாம். நீக்கச் சொல்லி நான் பரிந்துரைக்கவில்லை. அட்டை எழுதித் தருகிறவர்களுக்கு நிலுவையைத் தவணையில் கட்ட அனுமதிக்கலாம் என்பதே என் யோசனை; பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

கூட்ட அரங்கைக் கட்டணமில்லாமல் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும், விழா நாளில் காபி, பலகாரத்தைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் நன்றி. அட்டை எழுதிய இரண்டு கல்லூரி மாணவிகளுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்; அவர்கள் நம் உறுப்பினர்கள்கூட அல்லர்.

வரும் ஆண்டுக்குத் தேவையானவை: பூட்டோடு கூடிய ஒரு ஸ்டீல் பீரோ, கன்னிமாரா நூலகத்துக்கு வர ஒருவர், அட்டைகளைக் கணினியில் ஏற்ற ஒருவர். செயலாளர் பொறுப்பில் என் காலம் இந்த ஆண்டோடு முடிகிறது. வேறொருவர் பொறுப்பேற்க முன்வந்தால் பெட்டியையும் சாவியையும் மஞ்சள் உறைகளின் பட்டியலையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராவிட்டால் பொதுக்குழு சொல்கிறபடி நடப்பேன். வெற்று அட்டைகள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன, பேனாவும் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கு ஒன்று எழுதித் தந்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். சான்றிதழ் நகலை இம்மாதக் கடைசிக்குள் தந்தால் போதும்.

இங்ஙனம்,
செயலாளர்