புளி மட்டும் போடாதே, முத்து

அன்புள்ள முத்து,

இங்கு அனைவரும் நலம். நீ, மல்லிகா, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பங்குனியில் உன்னிடம் அந்தப் பழைய செம்புக் காசை வாங்கி வந்ததோடு சரி, ஒரு வரிகூட எழுதவில்லை. நீ இரண்டு முறை போன் செய்தபோதும் பிடி கொடுக்காமல் பேசினேன். அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன். ரங்கன் மாடி கட்டி முடித்துவிட்டான். படிக்கட்டு நீ சொன்னபடியேதான் ஆகியிருக்கிறது. போய்ப் பார்க்கும்போது அவன் எதிரில் சிரித்துவிடாதே. சீனியின் மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்திருக்கிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

உங்கப்பாவின் அந்த ரோமானியச் செம்புக் காசு பேரரசர் கான்ஸ்டன்டைனுடையது இல்லை, முத்து.

கோபப்படாமல் கடைசி வரை படி. நாற்பது வருடமாக உங்கப்பா அதைக் கான்ஸ்டன்டைன் என்றுதான் சொல்லி வந்தார். பொங்கலுக்கு வந்தபோது நானும் பார்த்துவிட்டு உறையின்மேல் அந்தப் பெயரையே எழுதினேன். நீ அதை நம்பித் திதியன்று உறவுக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினாய். அதனால் இதைச் சொல்ல வேண்டியவன் நான்தான். தள்ளிப்போட்டது என் தப்பு.

சரி, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேள். தலைப் பக்கத்தில் பொங்கலன்று நம் கண்ணுக்குத் தெரிந்தது "கான்ஸ்டான்" என்ற அளவுதான். அதை வைத்துக்கொண்டு முடிவு சொல்லவே கூடாது. அந்தக் குடும்பத்தில் அப்பா கான்ஸ்டன்டைன். மகன்கள் இன்னொரு கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டன்ஸ். காசின் ஓரத்தில் லத்தீனில் எழுதும்போது அப்பா பெயருக்கும் கான்ஸ்டான்டியஸ் பெயருக்கும் 'என்' (N) என்ற ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நம் காசில் மண்ணும் களிம்பும் அப்பியிருந்தது.

அதனால் பூப் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு வீரன், அவன் காலடியில் குதிரையோடு சரிந்து விழும் எதிரி, மேலிருந்து இறங்கும் ஈட்டி. நீ சின்ன வயதில் "முருகன் சூரனைக் குத்துகிறார்" என்பாயே, அதே படம்தான். சுற்றிலும் "ஃபெல் டெம்ப் ரெபராசியோ" என்று எழுதியிருக்கும். நல்ல காலம் திரும்பி வந்தது என்று பொருள். இந்த வரிசையை அடிக்கத் தொடங்கியதே கி.பி. 348 வாக்கில்தான். கான்ஸ்டன்டைன் 337 மே மாதமே இறந்துவிட்டார். செத்துப் பத்து வருடம் கழித்து வந்த படம் அவர் காசில் எப்படி இருக்கும்? உங்கப்பாவின் கணக்கும் என் கணக்கும் அங்கேயே உடைந்துவிட்டது.

அப்போது மகன் கான்ஸ்டான்டியஸ்தான் என்று முடிவு கட்டி உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நல்லவேளை, எழுதவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் காசைப் போட்டு, நாள்தோறும் தண்ணீரை மாற்றி, ஒரு மாதம் ஊறவிட்டேன். பிறகு பல் குத்தும் குச்சியால் மண்ணை மட்டும் மெல்ல எடுத்தேன். நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டுப் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பெயரின் முடிவில் "டியஸ்", அதையடுத்து "நோ". 'என்' எழுத்துக்கு அங்கே இடமே இல்லை. இரண்டாவது, தலையில் பட்டம் இல்லை. அந்தக் காலத்துப் பேரரசன் என்றால் முத்துப் பட்டம் கட்டியிருப்பான். அதன் நாடா முனைகள் பிடரியில் தொங்கும். நெற்றிப் பட்டம் தேய்ந்து போனாலும் பிடரியில் நாடாவின் தடமாவது மிஞ்சும். நம் காசில் அதுவும் இல்லை. வெறுந்தலை. அப்படியென்றால் அவன் பேரரசன் இல்லை, சீசர் என்ற துணை அரசப் பதவி பெற்ற இளையவன். அந்த "நோ" என்பதும் "மேன்மைமிகு சீசர்" என்ற பட்டத்தின் தொடக்கம்தான்.

இந்த வரிசையில் வெறுந்தலையோடு வருபவர்கள் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும். தம்பி ஜூலியன் பெயர் வேறு. மிஞ்சியது அண்ணன் கால்லஸ். 351-இல் சீசர் ஆக்கியபோது அவனுக்குக் கான்ஸ்டான்டியஸ் என்று பெயரையே மாற்றி வைத்தார்கள். பூப் பக்கத்தின் அடிக்கோட்டுக்குக் கீழே இரண்டு எழுத்து மங்கலாகத் தெரிகிறது. அது அந்தியோக்கியா நகரத்து அக்கசாலையின், அதாவது காசு அடித்த இடத்தின், குறி. அவன் சீசராக இருந்து ஆண்டதும் அந்த ஊரில்தான். நகைக்கடைத் தராசில் 2.3 கிராம், குறுக்களவு 18 மில்லிமீட்டர். எல்லாம் பொருந்துகிறது.

முத்து, இந்தக் கால்லஸின் கதையைப் படித்தபிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. கான்ஸ்டன்டைன் அவனுக்குப் பெரியப்பா. அவர் இறந்ததும் 337-இல் படைவீரர்கள் அந்தக் குடும்பத்து ஆண்களை வெட்டித் தள்ளினார்கள். இவனுடைய அப்பாவும் மூத்த அண்ணனும் அதில் போனார்கள். இவன் நோயில் கிடந்தான், தானே செத்துவிடுவான் என்று விட்டுவைத்தார்களாம். தம்பிக்கு அப்போது ஐந்தாறு வயது. அந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருந்தவர் பெரியப்பா மகன் கான்ஸ்டான்டியஸ்தான் என்று ஜூலியனே பிற்பாடு எழுதினான். அதே கான்ஸ்டான்டியஸ்தான் கால்லஸைச் சீசர் ஆக்கித் தன் உடன்பிறந்தவளையே கட்டி வைத்தார். நம் கணக்கில் அவள் இவனுக்கு அக்கா முறை. அவர்களுக்கு அதெல்லாம் இல்லை. மூன்று வருடத்தில் கான்ஸ்டான்டியஸுக்குச் சந்தேகம் வந்தது. நயமாகப் பேசி வரவழைத்து, 354-இல் போலா நகருக்கு அருகே தலையை வெட்டினார்கள். அந்த மூன்று வருடத்தில் அடித்த காசு இது. "நல்ல காலம் திரும்பியது" என்று இவன் தலைக்குப் பின்புறத்தில் எழுதியிருக்கிறது.

இதையெல்லாம் ஒரு காசு வியாபாரியிடம் சொன்னேன். "கான்ஸ்டன்டைன் என்றே இருக்கட்டும் சார், அந்தப் பெயருக்குத்தான் கிராக்கி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கால்லஸுக்கு வாய்த்ததே மூன்று வருடம். அதையும் பெரியப்பா பெயரில் எழுதி வைப்பதா?

அடுத்து, உன் தகரப் பெட்டியில் இருக்கும் மற்ற பதினொன்று. எல்லாவற்றையும் பளபளவென்று துலக்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டப்போவதாகப் போனில் சொன்னாய். கையெடுத்துக் கும்பிடுகிறேன், புளி போடாதே. எலுமிச்சையும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். மல்லிகாவிடமும் சொல்லிவிடு, குத்துவிளக்கு துலக்குகிற நாளில் அந்தப் பெட்டி அவள் கண்ணில் படக் கூடாது. தேய்ந்த செம்பில் எழுத்து உட்கார்ந்திருப்பதே அந்தக் களிம்புப் படலத்தில்தான். புளி அதைக் கரைத்தால் பெயரும் சேர்ந்து கரையும். கையில் வெறும் செப்புத் தகடுதான் மிஞ்சும். அந்த 'என்' இருந்ததா இல்லையா என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. வளைகிற பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் ஆகாது, அதிலிருந்து பச்சைப் பிசுக்கு ஏறும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வை.

இன்னொன்று. உங்கப்பா அமராவதி மணலைச் சலித்தவர்களிடம்தானே இவற்றை வாங்கினார்? எந்தத் துறையில், எந்த வருடம் என்று அவருடைய டைரியில் தேடிப் பார். கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் இந்தக் கடைக்காலச் செம்புக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. பொன்னும் வெள்ளியும் வந்தது புரிகிறது, இவ்வளவு மலிவான செம்பு ஏன் கடல் தாண்டி வந்தது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் தேடுகிறவனுக்கு அரசன் பெயரைவிடக் கிடைத்த இடம் முக்கியம். அரசன் பெயரை நாம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இடத்தைச் சொல்ல உங்கப்பாவின் டைரியை விட்டால் வேறு வழி இல்லை.

உறையை மாற்றிவிட்டேன். "கால்லஸ் சீசர், 351 முதல் 354, அந்தியோக்கியா" என்று எழுதி, அதன் கீழே "கரூர் அமராவதி மணல், பாதுகாத்தவர்" என்று உங்கப்பா பெயரைப் போட்டிருக்கிறேன். வருடத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். டைரியை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு காலை வண்டிக்கே வந்துவிடு. மல்லிகாவையும் கூட்டி வா, மதியம் இங்கே சாப்பாடு.

அன்புடன்,
கணேசன்